தப்பு பனியன் மேல்தான்

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். இந்த இருபத்தைந்து வருஷம் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கியிருக்க வேண்டியதில்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. திருப்பூரில் அந்தச் சந்தில் குடியிருந்த பாதிப் பேர் அந்தப் பெயரை இன்னும் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் வேறு சொல்ல வேண்டுமா?

எழுபதுகளின் தொடக்கம். நான் பாலர் பள்ளி டீச்சர், அவர் அங்கே ஆயா. பள்ளி என்றால் நீளமான ஒரு ஓட்டுக் கூடம், பின்பக்கம் சமையலுக்கு ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள். காலையில் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் நான் பாடும் பாட்டு எனக்கே கேட்காது. ஜன்னல் வழியாகப் பஞ்சுத் தூசி வந்து கரும்பலகையின் விளிம்பில் படியும். அதைத் துடைப்பது, கூடத்தைப் பெருக்குவது, கோதுமை ரவை உப்புமா கிண்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது, ஈர டவுசரை மாற்றிவிடுவது எல்லாம் அந்தம்மாவின் வேலை. பாட்டு, கதை, படம், எண், எழுத்து எல்லாம் என் வேலை. அதற்காகக் கோயம்புத்தூரில் ஒரு வருஷம் தங்கிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள் நான்.

வேலையில் சேர்ந்த அன்று அந்தம்மா வாசலில் நின்று என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

“வாங்க டீச்சரம்மா. எழுபத்தஞ்சுங்களா?”

“என்னங்க எழுபத்தஞ்சு?”

“சைசுங்க. உங்களுக்கு எழுபத்தஞ்சு கச்சிதமா இருக்குமுங்க. எம்பது போட்டா தொளதொளன்னு தொங்கிப் போவும்.”

சான்றிதழை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்; இவர் எனக்குப் பனியன் அளவு சொல்கிறார். சுருக்கென்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஆயா வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் மடிக்கும் மேசையில் நின்றவர். தைத்துக் குவிந்து வரும் பனியன்களைச் சைஸ் வாரியாகப் பிரித்து, மடித்து, டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். கழுத்தில் இருக்கும் லேபிளைப் பார்க்காமலே கையில் எடுத்த மாத்திரத்தில் இது எண்பது, இது தொண்ணூறு என்று பிரித்துப் போடுவாராம். நின்று நின்று கால் வீங்கிப் போனதால் விட்டுவிட்டு இங்கே வந்தார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எண் தெரியும், அதுவும் ஐந்து ஐந்தாகத்தான் தெரியும்.

“உங்க சைஸ் என்னங்க ஆயாம்மா?” என்று ஒருமுறை வேண்டுமென்றே கேட்டேன். கூச்சப்படுவார் என்று பார்த்தேன்.

“நானுங்களா? நூத்திப்பத்துங்க. அதுக்கு மேல எங்க கம்பெனில போடறதில்லீங்க. நாந்தேன் கடைசி” என்று தோள் குலுங்கச் சிரித்தார்.

அவர் உட்கார்ந்தால் கூடத்தில் ஒரு மூலை நிறைந்துவிடும். எப்போதும் தரையில்தான் உட்காருவார். உட்கார்ந்த நிமிஷம் பிள்ளைகள் வந்து முதுகில் இரண்டு, மடியில் மூன்று, தோளில் ஒன்று என்று ஏறிக்கொள்ளும். நான் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குதித்துக் குதித்து அபிநயம் பிடித்துக்கொண்டிருப்பேன். முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை மெதுவாக நழுவி, பின்னால் போய் அந்தம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். எனக்குக் காதில் புகை வரும்.

குண்டு, ஒல்லி, நோஞ்சான், தடியன் என்ற பேச்சே அவர் வாயில் வராது. ஒரு தாய் பையனை இழுத்துக்கொண்டு வந்து, “எம்பட பையன் நோஞ்சானுங்க, பாத்துக்கோங்க” என்றாள். அந்தம்மா பையனின் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். புதிதாக வரும் எந்தப் பிள்ளைக்கும் அவர் முதலில் செய்வது அதுதான். “நோஞ்சானெல்லாம் இல்லீங்க. நாப்பத்தஞ்சு. நாப்பத்தஞ்சு எத்தன டஜன் போவுது தெரியுங்களா?” என்றார். அந்தப் பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தான்.

இன்னொரு பையன் சேர்ந்து மூன்று நாளாக அழுதுகொண்டே இருந்தான். பொம்மை காட்டினேன், பாட்டுப் பாடினேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அத்தனை வித்தையையும் செய்து பார்த்தேன். நான்காம் நாள் அந்தம்மா அவனைத் தூக்கி, டவுசர் நாடாவை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார். அழுகை நின்றுவிட்டது.

“புள்ள பள்ளிக்கொடத்துக்கு அழுவுலீங்க டீச்சர். நாடா இறுக்கத்துக்கு அழுவுதுங்க.”

என் சான்றிதழில் நாடாவைப் பற்றி ஒன்றும் இல்லை. அன்று முழுவதும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரியம்மா வந்திருந்தபோதும் அப்படித்தான். நான் விடிய எழுந்து அட்டைகள் தயாரித்து வைத்திருந்தேன். அந்தம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அம்மா தொண்ணூத்தஞ்சுங்க, ரவிக்கை கைகிட்ட ஒரு விரக்கடை உட்டுத் தெச்சா நல்லா இருக்குமுங்க” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரியம்மா ஒரு கணம் திகைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “காலையிலிருந்து கை வலிக்குதே என்னன்னு பாத்தேன்” என்று அரைமணி நேரம் அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார். என் அட்டைகளில் இரண்டைத்தான் பார்த்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாந்தியைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாந்தி என் மகள். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு. வீட்டில் விட்டுவர ஆள் இல்லை என்று இரண்டரை வயதிலிருந்தே அவளையும் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். நான் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தாலும் அவள் அவளுடைய அப்பா வீட்டு வாகு. கையிலும் காலிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. “அறுபது வந்துருச்சு, எடம் உடுங்க” என்பார் அந்தம்மா. அவள் ஓடிப்போய் அந்த மடியில் விழுவாள். தூங்குவது அங்கே, தின்பது அங்கே, விழுந்தால் அழுதுகொண்டு ஓடுவதும் அங்கே. கூடத்தின் இந்தப் பக்கம் பெற்றவள் நிற்கிறேன் என்ற நினைப்பே அவளுக்கு இருக்காது.

நாலரை வயதில் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு, “ஆயா எங்க?” என்றாள்.

பச்சைப் பிள்ளை காய்ச்சலில் பிதற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளத் தெரியாத வயதா எனக்கு? எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனிப் படப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஒரு மரப்பெட்டியில் எட்டுப் புத்தகங்கள் இருந்தன. எட்டிலும் ஒரு குண்டு ஆள் இருந்தார். குண்டுப் பையன் என்றால் கையில் ஒரு தின்பண்டம் இருக்கும். சட்டை மேலே ஏறித் தொப்புள் தெரியும். ஓடினால் சேற்றில் விழுவான், மரம் ஏறினால் கிளை முறியும். குண்டு ராஜா தூங்கி வழிவார். குண்டு வியாபாரி ஏமாந்து போவார். கெட்டிக்காரப் பிள்ளை ஒல்லியாக, பொத்தான் போட்ட சட்டையோடு ஓரத்தில் நின்று சிரிக்கும். நான் அந்தப் புத்தகங்களை ஏற்ற இறக்கத்தோடு எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். குண்டு என்றால் அப்படித்தான் வரைவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டபின் நான் பதிவேடு எழுதுவேன். அந்த நேரம் அந்தம்மா புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வார். ஒருநாள் ஒரு பெண்குழந்தை சேற்றில் விழுந்த பையனைக் காட்டி, “ஆயா, இவன் எதுக்குத் தொப்புளைக் காட்டறான்?” என்று கேட்டது.

“அவன் எங்க கண்ணு காட்டறான்? இவன் அறுபத்தஞ்சு. எவனோ அம்பதை மாட்டி உட்டுட்டான். பாரு, கக்கத்துல புடிக்குது, கழுத்துல புடிக்குது. அப்பறம் எப்படி ஓடுவான்? அதான் உழுந்துட்டான். தப்பு பனியன் மேல. பையன் மேல இல்ல.”

நான் எட்டிப் பார்த்து, “கீழ எழுதியிருக்கறது வேறைங்க ஆயாம்மா. அவன் வடை அதிகமாத் தின்னதால விழுந்தான்னு போட்டிருக்குது. கதைய மாத்தக் கூடாதுங்க” என்றேன்.

“அப்படிங்களா? நமக்கு எழுத்துத் தெரியாதுங்களே. படத்துல இப்படித்தானுங்க இருக்குது.” பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “இந்தப் படம் போட்டவருக்கு அளவெடுக்கத் தெரியாதாட்ட இருக்குதுங்க டீச்சர். சின்ன சைசுக்கெல்லாம் கச்சிதமாப் போட்டிருக்கறாரு. பெரிய சைசு வந்தா மட்டும் அவருக்குத் துணி பத்தறதில்லீங்க.”

சொன்னபிறகு பார்த்தேன். எட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு குண்டனுக்காவது உடம்புக்கு ஏற்ற சட்டை இல்லை. பயிற்சி எடுத்த என் கண்ணுக்கு அது படவில்லை, படிக்காத அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டது. பாராட்டத் தோன்ற வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சாந்தியின் காய்ச்சல் விட்ட மறுநாள் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் புதுப் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். தேடித்தான் வாங்கினேன். அதில் ஒரு குண்டம்மா விருந்துக்குப் போகிறாள். பந்தியில் இருப்பதையெல்லாம் தின்று தீர்க்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு இரண்டாக உடைந்து, கால் இரண்டும் மேலே தூக்கிக்கொள்ள, இடுப்பும் வயிறும் தெரிய விழுந்து கிடக்கிறாள். சுற்றிலும் ஒல்லிப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள்.

அந்தம்மா உள்ளே ரவை வறுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்தேன். அன்று மாதிரி நான் என்றைக்கும் வாசித்ததில்லை. குண்டம்மா நடப்பது போல் நடந்து காட்டினேன், மூச்சு வாங்கிக் காட்டினேன். கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, “இது யாரு மாதிரி இருக்குது, சொல்லுங்க பார்க்கலாம்?” என்று கேட்டேன்.

பின்வரிசையில் ஒருவன், “ஆயா!” என்றான். கூடமே சிரித்தது. சாந்தியும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பினால் சமையலறை வாசலில் கரண்டியோடு அந்தம்மா நிற்கிறார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அளவு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ரவை தீயுதுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் பாட்டே கட்டிவிட்டார்கள். “குண்டாயா, குண்டாயா, பெஞ்சு போச்சு குண்டாயா!” அந்தம்மா “ஆமாங்கண்ணு” என்று சொல்லிக்கொண்டே பெருக்கினார். மறுநாளிலிருந்து கூடத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். சோறு போடுவார், முகம் துடைத்துவிடுவார், போய்ச் சமையலறைப் படியில் உட்கார்ந்துகொள்வார். மத்தியானக் கதையும் நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தன. சாந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் ஏன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பதை நான் யோசிக்கவில்லை. உட்கார்ந்தவள் கவுனின் விளிம்பை இரண்டு கையாலும் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டிலும் அதேதான். ஸ்டூலில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். தட்டில் போட்டதில் இரண்டு வாய் தின்றுவிட்டுப் “போதும்மா” என்றாள். காய்ச்சல் விட்ட வாய், கசக்கும் என்று நினைத்தேன். பால் கொடுத்தேன், பொரி உருண்டை கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் “போதும்மா”தான். எட்டாம் நாள் பள்ளிக்கு நடக்கும்போது பாதி வழியில் கால் துவண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, நான் உக்காந்தா பெஞ்சு ஒடஞ்சிருமா?”

“யாரு கண்ணு அப்படிச் சொன்னாங்க?”

“நீதான் படிச்சே. நானும் குண்டுதானே? எனக்கும் வயிறு தெரியுது.”

“இல்ல கண்ணு, நீ குண்டு இல்ல.”

“பொய்” என்றாள். நாலரை வயதுப் பிள்ளை முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டது. அவளுக்குப் புத்தகத்தின் அந்தக் கடைசிப் பக்கம் மனப்பாடமாகிவிட்டது. நான் அத்தனை நன்றாக வாசித்திருக்கிறேன்.

அன்று பகலில் கதையை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். குண்டம்மா நல்லவள், பெஞ்சுதான் பழையது என்றேன். பிள்ளைகள் நம்பவில்லை. சாந்தி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. உப்புமாத் தட்டைத் தொடாமல் தள்ளி வைத்தாள். இனி யாரிடம் போவது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு மணி நேரம் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தம்மா படியில் உட்கார்ந்து ரவை சலித்துக்கொண்டிருந்தார்.

“ஆயாம்மா, சாந்தி சாப்பிட மாட்டீங்கறாளுங்க.”

“தெரியுமுங்க. எட்டு நாளா அவ தட்டு அப்படியே வருதுங்க.”

“நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

சலிப்பதை நிறுத்தினார். “சொல்லோணும்னுதானுங்க இருந்துது. நான் வந்து சொன்னா நீங்க வேற என்னமாச்சும் நெனச்சுக்குவீங்கன்னு உட்டுட்டனுங்க.”

நினைத்திருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“புள்ளைக்கு இந்தக் கவுனு எப்பத் தெச்சதுங்க?”

“போன வருசம் பொங்கலுக்குங்க.”

“புள்ள வளந்திருக்குது. கவுனு வளருலீங்களே டீச்சர்.”

அப்போதுதான் என் மகளை நான் பார்த்தேன். கவுன் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. முதுகில் ஒரு கொக்கி மாட்டவே முடியாமல் பிளந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அதை மாட்டிவிட்டவள் நான்தான்.

மறுநாள் அந்தம்மா மஞ்சள் பை நிறையப் பனியன் வேஸ்ட் கொண்டுவந்தார். கம்பெனியில் வெட்டிக் கழித்த வெள்ளைத் துணித் துண்டுகள். கொஞ்சம் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிப் பசை செய்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் கொஞ்சம் தயங்கித்தான் சுற்றி வந்தன. குண்டம்மா படத்தை விரித்து வைத்தார்.

“இவங்க என்ன சைசு? சொல்லுங்க கண்ணு.”

“நூத்திப்பத்து!”

“போட்டிருக்கறது?”

“எம்பது!” என்றான் ஒருவன். “எழுபத்தஞ்சு!” என்றது இன்னொன்று.

“அப்பறம் மேல ஏறிக்குமா, ஏறிக்காதா?”

“ஏறிக்கும்!”

“தப்பு யாரு மேல?”

“பனியன் மேல!”

துணியை வாகாக வெட்டி, குண்டம்மாவின் இடுப்பும் வயிறும் மறைய ஒட்டினார். ஆளுக்கு ஒரு விரலாகப் பிள்ளைகள் அழுத்திவிட்டன. பிறகு மரப்பெட்டியிலிருந்த எட்டுப் புத்தகமும் வெளியே வந்தன. சேற்றில் விழுந்த பையனுக்கு, தூங்குமூஞ்சி ராஜாவுக்கு, ஏமாந்த வியாபாரிக்கு என்று எல்லோருக்கும் அளவு சொல்லி, வெட்டி, ஒட்டினார்கள். சாந்தி தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பெஞ்சு?” என்று கேட்டாள் அங்கிருந்தே.

அந்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “டீச்சரம்மா, உங்க நாற்காலில சித்த உக்காந்துக்கட்டுங்களா?”

இரண்டு வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதிகாரியம்மா உட்காரச் சொன்னபோதுகூடச் சிரித்துவிட்டுத் தரையில்தான் உட்கார்ந்தார். அது மரியாதை என்று நினைத்திருந்தேன். அன்று அவர் உட்காருமுன் நாற்காலிக் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தி, ஆட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோருடைய சைஸையும் கூச்சமில்லாமல் சொல்லும் அந்தம்மாவுக்கு நாற்காலி என்றால் பயம். எங்கேயோ, யாருக்கோ முன்னால், ஒரு தடவை உடைந்திருக்க வேண்டும். உடைந்தபோது சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்க வேண்டும். நான் அதைத்தான் படம் பிடித்துக் காட்டியிருக்கிறேன்.

“உக்காருங்க” என்றேன்.

அந்தம்மா மெதுவாக இறங்கினார். நாற்காலி கிறீச்சென்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை கிறீச்சென்றது, பிறகு அடங்கிவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, ஒரு பெருமூச்சு விட்டு, கையை நீட்டினார்.

“வா கண்ணு, அறுபது. ஏறிக்க.”

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஓடிவந்து ஏறினாள். நாற்காலி அசையவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்தம்மா உப்புமாத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி உருட்டி உருட்டி ஊட்டினார். ஒரு தட்டு முடிந்து, “இன்னும்” என்றாள் சாந்தி.

எனக்குக் கண்ணீர் வந்தது. நிம்மதியில்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம், என் நாற்காலி அவருக்குக் கீழே இருக்கிறது, என் மகள் அவர் மடியில் இருக்கிறாள், நான் உட்கார இடமில்லாமல் டஸ்டரைப் பிடித்துக்கொண்டு கரும்பலகை ஓரம் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது.

அந்த வாரமே துணி எடுத்துச் சாந்திக்குப் புதுக் கவுன் வெட்டினேன். “அறுபத்தஞ்சுக்கே வெட்டுங்க டீச்சர், வளர்ற புள்ள” என்றார் அந்தம்மா. அப்படியே வெட்டி, என் கையால் தைத்தேன். போட்டுக்கொண்ட உடனே அவள் ஓடிப்போய்ச் சுற்றிச் சுற்றிக் காட்டியது யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது எதையும் அந்தம்மா பிறகு ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. நாற்காலியிலும் மறுபடி உட்காரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். கால் சுத்தமாக முடியாமல் போனதும் மடத்துக்குளத்திலிருந்த மகன் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று பிள்ளைகளின் சட்டைக் கழுத்திலெல்லாம் விரலை விட்டுப் பார்த்தார். என் அருகில் வந்து, “எம்பது ஆயிட்டீங்க டீச்சர்” என்றார். அந்த மரப்பெட்டியிலிருந்து குண்டம்மா புத்தகத்தை எடுத்துச் சாந்தியின் கையில் கொடுத்து, “வெச்சுக்க கண்ணு” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சாந்திக்கு இப்போது ஒரு பையன், நாலு வயது. அவளைப் போலவே மடிப்பு மடிப்பாகச் சதை வைத்தவன். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். ஒட்டிய துணி பழுத்து மஞ்சளாகிவிட்டது. ஓரமெல்லாம் பிசிறு. பையன் அதை விரலால் தடவிக்கொண்டே, “இவங்க என்ன சைசும்மா?” என்றான்.

“நூத்திப்பத்து கண்ணு.”

“தப்பு யாரு மேல?”

“பனியன் மேல” என்றாள் என் மகள். அதே இழுப்பு, அதே குரல். நான் எத்தனை பாட்டு, எத்தனை கதை சொல்லிக்கொடுத்திருப்பேன் அவளுக்கு. ஒரு வரி அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

“இந்த புக்கு யாரு வாங்கினாங்க?”

“எங்க ஆயா எனக்காக வாங்கிக் குடுத்தாங்க கண்ணு. எனக்குக் காய்ச்சல் வந்து சோறே எறங்காம இருந்தேன். அப்ப வாங்கிக் குடுத்தாங்க.” என் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, ஆயாதானே?”

நான் வாங்கியது. பஸ் ஸ்டாண்டில் மூன்று கடை ஏறி இறங்கி நான் தேடி வாங்கியது. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் எதற்கு வாங்கினாய் என்று கேட்பாள். பையனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா கண்ணு” என்றேன். “ஆயாதான்.”